டாலி பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மணப்பாறை விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது, பத்திரம் அக்காவிடம் இருக்கிறது.

நீ வீட்டில் கட்டும் விமானத்தின் படங்களை அக்கா அச்செடுத்துக் கொடுத்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டின் அடித்த தலை, தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் ஓரத்து வரிசை முழுவதும் அந்தக் கணக்கில் கச்சிதமாக நிற்கிறது. பொன்மலை ரயில்வே பட்டறையில் இப்படி ஒரு வரிசை அடித்தவனைச் சார்ஜ்மேன் மற்றவர்களுக்குக் கூப்பிட்டுக் காட்டுவார். நாங்கள் அடித்தது பழுக்கக் காய்ச்சிய இரும்பு. நீ அடிப்பது மெல்லிய அலுமினியத் தகட்டில், காய்ச்சாத ரிவெட். ஓர் அடி கூடினாலும் தகடு நெளியும். உன்னுடையதுதான் நுட்பமான வேலை. ஆர்மரி கேட் பக்கம் ராமலிங்கம் மாமாவைப் பார்த்தபோது படத்தைக் காட்டினேன். நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் கீழ்த்தகட்டின் நுனிப் பக்கத்தில் மூன்று தலைகள் ஒருபுறமாகச் சாய்ந்திருக்கின்றன. ரிவெட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் டாலி இரும்பு நழுவியிருக்கிறது. ஒரு கையில் ரிவெட் அடிக்கும் கன், மறுகையில் டாலி என்று ஒரே ஆள் எட்டிப் பிடித்தால் அப்படித்தான் ஆகும். அந்தத் தகட்டை அடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

வால்பகுதி கட்டியபோது வந்த படங்களில் டாலியைப் பிடித்த கையில் கண்ணாடி வளையல் இருந்தது. வளையலைக் கழற்றிவிட்டுப் பிடிக்கச் சொல் என்று நான்கூட எழுதினேன். உன் கை நுழையாத இடத்தில் அந்தக் கை நுழையும். தீபாவளிக்குப் பிறகு வந்த எந்தப் படத்திலும் அந்தக் கை இல்லை. கவிதாவுக்கு வேலை அதிகமாக இருக்கலாம். நான் ரிவெட்டைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா எது கேட்டாலும் "நல்லா இருக்கோம்" என்று ஒரே பதில் சொல்கிறாய். என்னிடம் வந்ததும் லைக்கமிங் என்ஜின் பேச்சை எடுக்கிறாய். படம் எடுத்த நேரம் அதிலேயே பதிந்திருக்கிறது: இரவு ஒன்றரை மணி. காலையில் அலுவலகம் போகிறவன் அந்த நேரத்தில் கராஜில் தனியாக நின்று என்ன செய்கிறாய்? தூக்கம் இல்லாத கை டாலியைப் பிடிக்கக் கூடாது. தனியாக அடிக்காதே.

இப்படி வீட்டில் கட்டும் விமானத்தில் பாதிக்கு மேல், தொழிலாகச் செய்யாத அமெச்சூர் கையால் கட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒற்றை ஆளாகக் கட்ட வேண்டும் என்று அதில் இல்லை. வீட்டார், நண்பர்கள் யார் கைகொடுத்தாலும் அந்தக் கணக்கில் சேரும். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் ஈ.ஏ.ஏ. சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் வீட்டுக்கே வந்து வேலையைப் பார்ப்பார்கள் என்றாயே, வரச் சொன்னாயா? எரிபொருள் தொட்டியின் மூச்சுக்குழாயில் பலூன் கட்டி, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்கும்போதும் இன்னொரு கண் இருக்கட்டும். அந்த நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வை அக்கா படித்துச் சொன்னாள். வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் என்ஜின் சக்தி இழப்பதும் கட்டுப்பாடு போவதும்தான் முன்னால் நிற்கின்றன. எரிபொருள் குழாய் ஒவ்வொன்றையும் நீ பார்த்த பிறகு இன்னொருவர் பார்க்க வேண்டும். பட்டறையில் எத்தனை பெரிய கைகாரனுக்கும் இதுதான் விதி.

ஆலப்புழைக்காரர் ஒருவர் இங்கிலாந்தில் நான்கு இருக்கை விமானம் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவில் பறந்த செய்தியை அம்மா கத்தரித்து வைத்திருக்கிறாள். நீ கட்டும் ஆர்வி-7 விமானத்தில் பக்கத்துப் பக்கமாக இரண்டே இருக்கை. முதல் 25 மணி நேரமோ 40 மணி நேரமோ, சோதனைப் பறப்பு முடியும்வரை பயணி யாரையும் ஏற்றக் கூடாது என்பது நல்ல சட்டம். அதன் பிறகு அந்த இரண்டாவது இருக்கையில் யார் உட்காருவார் என்று கட்டத் தொடங்கிய அன்றே நீ எங்களிடம் சொன்னாய். அம்மா அதை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சாய்ந்த மூன்று ரிவெட்டையும் துளைத்து எடுத்துவிடு, அவசரப்பட்டு ஓட்டையை அகலமாக்கிவிடாதே. மிச்சத் தகட்டை அப்படியே விட்டு வை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். பிடிக்க ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். வயதானாலும் என் கை நடுங்கவில்லை.

கவிதாவை நான் விசாரித்ததாகச் சொல். சொல்ல முடியாத நிலை என்றால் அதையாவது எனக்கு எழுது. கடிதத்தை என் பெயருக்கே அனுப்பு, அம்மாவிடம் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா