மாற்றல் உத்தரவு வருவதற்குள் எங்கள் ஃபைலையும் ஒருமுறை எடுங்கள்

கேரள அரசில் வருவாயையும் வீட்டுவசதியையும் கவனிக்கும் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு, மூணாறிலிருந்து வணக்கம்.

சார், தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ரிட்டயர் ஆகிறவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் கேட்டுத்தான் இந்தக் கடிதம். தமிழில்தான் எழுதுகிறேன். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம் என்று 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அதோடு, இதை அம்மாவும் படிக்கவேண்டும். முப்பத்து நான்கு வருஷம் தேயிலைக் கொளுந்து எடுத்தவர். மலையாளம் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது.

உங்கள் உத்தியோகம் எப்படி ஏறி வந்திருக்கும் என்று தேவிகுளம் தாலுகாக்காரர்களான எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். மசூரியில் பயிற்சி, பிறகு உதவி கலெக்டர், அப்புறம் சப் கலெக்டர். அந்த சப் கலெக்டர் நாற்காலி சிலருக்கு எங்கள் மலையிலேயே கிடைக்கிறது. இளம் வயதில் வருகிறார்கள், வில்லேஜ் ஆபீஸ் பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள், எது சர்க்கார் நிலம், எது போலிப் பட்டயம் என்று கண்டுபிடிக்கிறார்கள், விஷயம் பிடிபட்டு வேலை சூடு பிடிக்கும்போது பெட்டியைக் கட்டுகிறார்கள். 2017 ஏப்ரலில் பாப்பாத்திச்சோலையில் ஆக்கிரமிப்பு நிலத்தில் நின்ற பெரிய சிலுவையை அகற்றிய சப் கலெக்டர், ஜூலையில் இங்கே இல்லை. ஒரு பதவியில் குறைந்தது இரண்டு வருஷமாவது இருக்கவிடவேண்டும் என்று ஐ.ஏ.எஸ். விதியிலேயே 2014-இல் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் காரணம். ஆனாலும் எங்கள் அனுபவத்தில் அதிகாரி மாறினால் ஃபைல் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. புதியவருக்கு எல்லாவற்றையும் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டும்.

மூணாறு நிலம் என்றாலே பேப்பரில் ஜே.சி.பி. படம்தான். 2007-இல் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் அனுப்பிய மூன்று அதிகாரிகள் ரிசார்ட்டுகளை இடித்ததை ஊரே நின்று பார்த்தது. அந்தத் துணிச்சலை மதிக்கிறேன், இப்போதும் அது வேண்டும். ஆனால் இடிப்பதற்கு வந்த அளவு அதிகாரிகள், இந்த நிலத்திலேயே பிறந்து வேலை செய்து வயதானவர்களுக்கு ஒரு சென்ட் அளந்து கொடுக்க வரவில்லையே என்ற வருத்தம் இங்கே எல்லா லயத்திலும், அதாவது கம்பெனி தரும் வரிசை வீடுகளிலும், இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். லயத்தில் ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் சின்னத் திண்ணை. நாங்கள் மூன்றாம் தலைமுறை. அம்மா ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்யவேண்டும், பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் பேர் பதிந்தால் தங்கலாம். அண்ணன் போடியில் ஐ.டி.ஐ. முடித்து, திருப்பூரில் வேலையும் கிடைத்து, போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் கடைசி மஸ்டர், அதாவது கடைசி வேலைநாள், நெருங்க நெருங்க அவன் திரும்பி வந்து மருந்து அடிக்கிற வேலையில் சேர்ந்தான். சம்பளத்துக்காக வரவில்லை சார், அந்த ஓர் அறைக்காக வந்தான். வீட்டு உதவி கேட்டு நான் எழுதிக் கொடுத்தபோது ஓர் அலுவலகத்தில், ரேஷன் கார்டில் கம்பெனி லயத்து விலாசம் இருக்கிறதே, வீடில்லாதவர் என்று எப்படி எழுதுவது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் இன்னொருவர், வீடு கட்ட கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் நான்கு லட்சம் இருக்கிறது, முதலில் உங்கள் பேரில் நிலம் காட்டுங்கள் என்றார். நிலம் எங்கே இருக்கிறது? அம்மாவின் தாத்தா கயத்தாறுப் பக்கத்திலிருந்து மலையேறும்போதே அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

1970 ஜனவரி 1-இல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் முழுதாக நடைமுறைக்கு வந்தபோது, பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை உரிமை கிடைத்தது. எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு, லயத்தில் கிடந்தவர்களுக்கு அந்தப் பத்து சென்டும் இல்லை. அடுத்த வருஷமே, 1971-இல், மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் வந்தது. விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நிலம் கொடுப்பதற்காக என்று அந்தச் சட்டமே காரணம் சொல்கிறது. 1972-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இந்த மலையில் விவசாயத் தொழிலாளி என்றால் யார் சார்? அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, அந்த வாசகத்தை யாராவது எங்களை மனதில் வைத்து ஒருமுறை வாசித்தார்களா?

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டமான பெட்டிமுடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை அடித்துப் போனபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளியுலகத்துக்குத் தெரியவே விடிந்துவிட்டது. 70 பேர் போனார்கள். நாலு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பிறகு குற்றியார்வேலியில் அரசு நிலம் கொடுத்து எட்டு வீடுகள் கட்டினார்கள். செத்த பிறகுதான் எங்கள் ஆட்களின் பேரில் நிலம் என்று பக்கத்து லயத்துப் பாட்டி அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வயநாட்டில் 2024 ஜூலை நிலச்சரிவுக்குப் பிறகு, கல்பற்றாவில் எஸ்டேட் நிலத்தையே எடுத்து, குடும்பத்துக்கு ஏழு சென்டும் ஆயிரம் சதுர அடி வீடும் என்று திட்டம் போட்டு, 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டினீர்கள். அந்த மக்களுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். அங்கே எட்டு மாதத்தில் வழி கண்ட துறை, மலை சரிவதற்கு முன்பே இங்கே ஒரு வழி காணமுடியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஐந்து வருஷத்தில் ரிட்டயர் ஆகப்போகிறவர்கள், ஏற்கெனவே ஆனவர்கள், இவர்களில் எங்குமே சொந்த நிலம் இல்லாதவர்கள் யார் என்று எஸ்டேட்டின் டிவிஷன் (பிரிவு) வாரியாக ஒரு பட்டியல் எடுங்கள். லயத்து விலாசத்தைக் காட்டி யாரையும் கழிக்கவேண்டாம். அந்தப் பட்டியலுக்கு எதிரே சரிவு அபாயம் இல்லாத அரசு நிலத்தின் சர்வே எண்ணை எழுதி, உத்தரவாகவே போட்டுவிடுங்கள், உங்களுக்குப் பின் வருகிறவர் அங்கிருந்து தொடரட்டும். உத்தியோகத்தின் உச்சியில் இருக்கிறீர்கள், இந்த உத்தரவைப் போட உங்களால் முடியும்.

ஒருநாள் நேரில் வந்தாலும் நல்லது. கெஸ்ட் ஹவுஸில் கூட்டம் போடாமல், சாயங்காலம் கொளுந்து எடை போட்டு முடிகிற நேரத்துக்கு டிவிஷனுக்கே வாருங்கள். கேட்டால் அவர்களே எல்லாம் சொல்வார்கள்.

பதில் போட்டால் தமிழிலேயே போடுங்கள் சார். அம்மா தானே படித்துக்கொள்வார்.