நான்காவது பெயரை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மான்செஸ்டரின் நியூ ஆர்டர் இசைக்குழுவைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ராக் இசையோடு மின்னணு ஒலிகளைக் கலந்து, கேட்டவர் வாயில் நிற்கும் மெட்டுகளையும் தந்த அந்தக் குழுவைத் தமிழில் எழுதியதற்கு நன்றி. முன்பு ஜாய் டிவிஷன் என்ற பெயரில் இயங்கிய அந்தக் குழுவின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டதும், எஞ்சியவர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டதும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீபன் மோரிஸ் மூவரும் கட்டுரையில் இருந்தார்கள். உறை வடிவமைத்த பீட்டர் சாவிலுக்குக்கூட ஒரு பத்தி கிடைத்திருந்தது. ஆனால் அதே ஆண்டில் கீபோர்டும் கிதாரும் வாசிக்கச் சேர்ந்த கில்லியன் கில்பர்ட்டின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அதைவிட என்னை வருத்தியது, 1983இல் வெளிவந்த ‘ப்ளூ மண்டே’ பாடலை ‘கருவிகள் தாமாகவே வாசித்த பாட்டு’ என்று கட்டுரையாளர் எழுதியது. பாலிடெக்னிக் ஒன்றின் மின்னணு ஆய்வகத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். தாமாக வாசிக்கும் கருவி எதையும் நான் கண்டதில்லை.

அந்தப் பாடல் எப்படி உருவானது என்று பாருங்கள். அதில் பயன்பட்ட சீக்வென்சர், அதாவது உள்ளிட்ட ஸ்வரங்களை வரிசையாக ஒலிக்கவைக்கும் கருவி, பவர்ட்ரான் நிறுவனம் உதிரிபாகங்களாக விற்றது. சம்னர் அதை வாங்கித் தம் கையாலேயே பூட்டினார். வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ‘மிடி’ என்ற பொதுமுறை அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. டிரம் மெஷின் ஒரு வேகத்திலும் சீக்வென்சர் வேறு வேகத்திலும் ஓடாமல் இருக்கத் தனியே ஒரு சர்க்யூட் தேவைப்பட்டது. சுருதியை அல்ல, துடிப்பை ஒத்துப்போக வைப்பதே அங்கே பெரும்பாடு. சால்டரிங் செய்யும்போது ஒரு முனை சரியாகப் பிடிக்காமல் போனாலும் கருவி முழுவதும் தடுமாறும் என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் கில்பர்ட்டின் வேலை. பாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு ஸ்வரத்தையும் அவர் கையால் உள்ளிட வேண்டியிருந்தது. ஏ4 தாள்களை ஒட்டி ஒட்டி ஸ்டுடியோவின் நீளத்துக்கு ஒரே தாளாக்கி, முழு வரிசையையும் அதில் எழுதி வைத்துக்கொண்டார். கம்பளிப் பின்னலுக்கான கணக்குத் தாளைப் போல இருந்தது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படி உள்ளிடுகையில் ஒரு ஸ்வரம் விடுபட்டுப்போனது. அதன் பின் வந்தவை எல்லாம் ஓரடி முன்னே நகர்ந்துவிட, மெட்டு தாளத்திலிருந்து சற்றே விலகியது. வெளியான பாட்டிலும் அந்த விலகல் இருக்கிறது. ஹெட்போனில் கேட்டால், டிரம் மெஷின் கறாராக அடித்துக்கொண்டிருக்க, சிந்தசைசர் அதன்மீது உட்காராமல் உரசிக்கொண்டே போவது தெரியும். பாடல் உயிரோடு இருப்பது எனக்கு அந்த இடத்தில்தான்.

1980களின் இறுதியில் ஒரு மாணவர் பழுதுபார்க்கக் கொண்டுவந்த டேப்ரெக்கார்டருக்குள் அவர்களுடைய 1987ஆம் ஆண்டுத் தொகுப்பு மாட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்தபோதுதான் இந்தப் பாட்டை முதலில் கேட்டேன். பாடும் குரல் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வேகம் சரிதானா என்று பார்க்கப் போட்ட கேசட்டை நிறுத்த மனம் வரவில்லை.

அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைப் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. முறையான ஒப்பந்தமே இல்லாததால், 1992இல் அந்த நிறுவனம் நொடித்தபோது ஒலிப்பதிவுகள் கலைஞர்களுக்கே உரியவை என்று ஆனதையும் சேர்த்திருக்கலாம். ஹூக்கின் விலகலுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி அதற்குப் போதும்.

மோரிஸும் கில்பர்ட்டும் தனியாக இசையமைத்தபோது தங்கள் இணைக்கு ‘தி அதர் டூ’, அதாவது ‘மற்ற இருவர்’ என்று பெயர் வைத்தார்கள். பேட்டிகளும் புகைப்படங்களும் யாரைச் சுற்றி நின்றன என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. குடும்பத்தைக் கவனிக்க 2001இல் குழுவிலிருந்து விலகிய கில்பர்ட் 2011இல் திரும்பி வந்தார். 2015இல் வெளியான ‘மியூசிக் கம்ப்ளீட்’ ஆல்பத்திலும் அவர் வாசித்திருக்கிறார். ஒரு குழுவின் வரலாற்றிலிருந்து இவரை எப்படி விட முடியும்?

தங்கள் நாளிதழின் இசை விமர்சனங்களிலும் இதே குறை இருக்கிறது. பாடியவரும் எழுதியவரும் இடம்பெறுகிறார்கள்; கீபோர்டு புரோகிராமிங் செய்தவரும் ஒலிப்பதிவாளரும் இடம்பெறுவதில்லை. ஏ.ஆர்.ரஹ்மான் தம் ஆல்பங்களின் உறையில் இவர்களுடைய பெயர்களை அச்சிட்டு நம் வீடுகளுக்குக் கொண்டுவந்து பல ஆண்டுகள் ஆகின்றன. விமர்சனத்தின் கடைசியில் இரண்டு வரி ஒதுக்கினால் போதும். அடுத்த ஞாயிறு இணைப்பில் கில்லியன் கில்பர்ட்டின் பெயரைச் சேர்த்து ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கோவில்பட்டி