தெற்குத் தெருவிலிருந்து தொடங்கு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய திட்ட வரைவை மூன்று முறை படித்தேன். ஐம்பது கிலோவாட் சூரியத் தகடுகள், அவற்றுக்கேற்ற பேட்டரிகள், நம் ஊரின் நான்கு தெருக்களுக்கும் தனியாக ஒரு சிறு மின்கட்டமைப்பு என்று நீ போட்டிருக்கும் கணக்கு சரியாகவே இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் முப்பத்தோர் ஆண்டுகள் இவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள், இன்றும் மகளிர் குழுவின் கணக்குப் புத்தகத்தை எழுதுகிறவள் என்ற முறையில், அந்த வரைவில் ஊர் மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினேன். 'பயனாளிகள்' என்ற ஒரு சொல்லில் மட்டுமே அவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

2018 நவம்பர் 16 அன்று, பொழுது விடிவதற்குள் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது நீ வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் இருபத்து மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. தெற்குத் தெருவில் முப்பத்து நான்காம் நாள். நான் குறை சொல்லவில்லை. மின் ஊழியர்கள் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் அந்த நாட்களில் இருட்டைவிடத் தண்ணீர்தான் எங்களை வாட்டியது. மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் ஓடாததால், லாரியில் ஜெனரேட்டர் எப்போது வரும் என்று குடங்களோடு காத்திருந்தோம். கைப்பேசிக்குச் சார்ஜ் போட இருபது ரூபாய் கொடுத்தோம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருந்தை மண்பானைத் தண்ணீருக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். உன் திட்டத்துக்கு ஊர் மனத்தில் இடம் இருக்கிறது என்றால், அது இந்த நினைவில்தான் இருக்கிறது.

மற்ற நாட்களில் அந்த இடம் மிகக் குறுகியது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வயல் மோட்டாருக்கும் கட்டணம் கிடையாது. அப்படியிருக்க, மாதம் நூறு ரூபாய் சந்தா கட்டி உன்னுடைய மின்சாரத்தை எதற்காக வாங்க வேண்டும் என்று மக்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்துத் தர்னை கிராமத்தில் 2014ஆம் ஆண்டு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பை அமைத்தது. பெரிய செய்தியாகப் பேசப்பட்ட அந்த ஊருக்குப் பின்னாலேயே அரசின் மின்கம்பியும் வந்தது. அதில் மின்சாரம் மலிவு. மக்கள் அந்தப் பக்கம் போனார்கள். நிலையம் பராமரிப்பாரின்றிக் கிடந்தது. நம் ஊரிலோ கம்பி ஏற்கெனவே இருக்கிறது.

ஆகையால் எல்லா வீடுகளுக்கும் என்ற எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். குடிநீர்த் தொட்டியின் மோட்டார், துணைச் சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டி, புயலின்போது மக்கள் தங்குகிற பள்ளிக் கட்டடம், தெருவுக்கு இரண்டு விளக்கு, கைப்பேசிக்குச் சார்ஜ் போட ஓர் அறை ஆகிய பொதுவானவற்றுக்கு மட்டும் முதலில் செய். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓட ஏறக்குறைய எட்டு யூனிட் போதும் என்றும், ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்றும் நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். ஆனால் நமக்குப் புயல் வருவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். வெயில் கணக்கை வைத்து ஊருக்கு வாக்குக் கொடுத்துவிடாதே. மழை நாளில் எது ஓடும், எது நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் விளக்க வேண்டியிருக்கும். மாடியில் தகடு வைத்திருக்கும் வீட்டிலும் மின்தடையின்போது விளக்கு அணைந்துவிடுகிறதே, பிறகு எதற்கு இது என்று பலர் என்னிடம் கேட்டார்கள். மாடித் தகட்டின் மின்சாரம் ஊர்க் கம்பிக்குள் போய், அதில் வேலை செய்கிறவரின் உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது என்பதற்காகவே, அதை வீட்டுக்கேற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது என்பதையும், பேட்டரியோடு தனித்து இயங்கும் அமைப்பு வேறு என்பதையும் நீ நேரில் வந்து தமிழில் சொல்ல வேண்டும்.

தகடு வைக்க நீ குறித்திருக்கும் களத்துமேடு கூடாது. தை மாதம் சம்பா அறுவடையில் நெல் காய்வது அங்கேதான்; அதைப் பறித்தால் முதல் நாளே ஊர் உனக்கு எதிராக நின்றுவிடும். பள்ளியின் மாடி, ஊராட்சிக் கட்டடத்தின் மாடி இரண்டையும் அளந்து பார். தகடுகளைப் பொருத்தும் சட்டங்கள் உப்புக்காற்றைத் தாங்க வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நிர்வாகக் குழுவைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். ஊர்ப் பெரியவர்கள் சிலர், கோயில் தலைக்கட்டு வரிப் பட்டியலை வைத்தே சந்தா வசூலிக்கலாம் என்றார்கள். அந்தப் பட்டியலில் தெற்குத் தெரு இல்லை, தம்பி. ஆற்று நீரிலும் மின்கம்பியிலும் கடைசியில் இருக்கும் தெரு, புதிய கட்டமைப்பின் பெயர்ப் பட்டியலிலும் இல்லாமல் போனால் அதற்கு நானும் உடந்தை ஆவேன். அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், குழுவில் இருந்தாக வேண்டும். அங்கே ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து முடித்த பெண் ஒருத்தி வேலையின்றி இருக்கிறாள். இயக்கும் பொறுப்பை அவளுக்குச் சம்பளத்தோடு கொடுக்கலாம். பேட்டரி ஒருநாள் மாற்ற வேண்டியது. அதற்கான பணத்தை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் சேர்க்க வேண்டும், அதை மகளிர் குழு பார்த்துக்கொள்ளும்.

பங்கீட்டு விதியைப் புதிதாக எங்கும் தேட வேண்டாம். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்துப் பாய்ச்சியவர்கள் நாம். எந்த மதகு எத்தனை நாள் திறந்திருக்கும் என்று பேசி முடிவு செய்து, மீறியவரைக் கேள்வி கேட்டிருக்கிறோம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் வெட்டிய குடிமராமத்தும் வயதானவர்களுக்கு நினைவிருக்கிறது. பணம் தர இயலாதவர்கள் கம்பிக்குக் குழி தோண்டும் வேலையைப் பங்காகத் தரட்டும். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கிச் சொந்தமாகக் காற்றாலை நிறுவி, மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. அது ஊராட்சியின் சொத்து என்பதால் ஊர் அதைக் காத்தது என்றே நான் நினைக்கிறேன். நம்முடையதும் ஊராட்சியின் பெயரில்தான் இருக்க வேண்டும்; உன் நிறுவனத்தின் பெயரிலோ நம் குடும்பத்தின் பெயரிலோ வேண்டாம்.

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம் என்று தலைவரிடம் பேசியிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது விடுப்பை அதுவரை நீட்டித்துக்கொள். வரைபடத்தைப் பெரிய தாளில், தமிழில் எழுதி எடுத்து வா. வந்ததும் முதலில் தெற்குத் தெருவுக்குப் போவோம். மாலை ஆறு மணிக்கு மேல் போனால்தான் வயல் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

அன்புடன்,
அம்மா