மேக்கிங் வீடியோவுக்குத் தனியாக அனுமதி கேளுங்கள்

நிர்வாணப் படங்கள் எடுக்கும் புகைப்படக் கலைஞர்களுக்கும், ஸ்டூடியோ நடத்துபவர்களுக்கும், அவர்களுடைய உதவியாளர்களுக்கும்,

வணக்கம். உடம்பில் பெயின்ட் அடிப்பதும் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மேக்கப் போடுவதும் என் தொழில். அக்டோபர் பிறந்தால் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எலும்புக்கூடு, ரத்தக் காட்டேரி, தையல் போட்ட பிணம், பூசணித் தலையன் என்று மாதக் கடைசியில் பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்காக எடுக்கும் ஆண் நிர்வாணப் படங்களில் மாடல்கள் உடுத்தியிருப்பதெல்லாம் என்னைப் போன்றவர்கள் தீட்டிய சாயம்தான். அந்தப் படங்கள் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நிர்வாணம் தப்பு என்று நினைப்பவனாக இருந்தால் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பேன். என் புகார், அந்தப் படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று யாரோ ஃபோனில் எடுக்கும் இன்னொரு படத்தைப் பற்றியது. மேக்கிங் வீடியோ என்கிறீர்களே, அது.

வெளியாட்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. இந்த மாதிரி ஷூட்டில் மாடல் அதிக நேரம் உடையில்லாமல் இருப்பது கேமரா முன்னால் அல்ல, என் முன்னால்தான். முழு எலும்புக்கூடு வரைய மணிக்கணக்கில் ஆகும். விலா எலும்பு வரையும்போது கூச்சத்தில் நெளிவார்கள். அங்கேயே பாதிப் பொழுது போய்விடும். இடுப்பில் பெயின்ட் காய்ந்தபின் உட்கார முடியாது, உட்கார்ந்தால் மடிப்பில் வெடித்துவிடும். தண்ணீரில் குழைக்கும் பெயின்ட் என்றால் வியர்வை பட்டாலே கரையும், மேலே அங்கி போட்டால் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் கையைச் சற்று அகட்டியபடி, ஸ்ட்ராவில் தண்ணீர் குடித்துக்கொண்டு, சும்மா நிற்க வேண்டியதுதான். மற்றவர்கள் உடையோடு இருப்பதால் ஏசியைத் தங்கள் சௌகரியத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். அசையாமல் நிற்கும் வெற்றுடம்புக்கு 28 டிகிரியாவது வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபோன்கள் வெளியே வருகின்றன.

மாடல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எதற்கு? நீங்கள் வெளிச்சம் அமைத்து, நிழல் எங்கே விழ வேண்டும் என்று பார்த்து, பூசணிக்காயை இடுப்புக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி எடுத்து, அதிலும் நூற்றைத் தள்ளி ஒன்றைப் பொறுக்கும் படத்துக்கு. குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதற்கோ, காயம், தையல் செய்யத் தோலில் பூசிய ரப்பர் பாலான லேடெக்ஸை நெஞ்சு முடியோடு சேர்த்து உரிக்கும்போது அவர் முகம் போகும் போக்குக்கோ அல்ல. அந்த உரிக்கும் காட்சிக்குத்தான் அதிகச் சிரிப்பு, அதிக ஷேர். வலி அவருக்கு, லைக் உங்களுக்கு.

ஹாலோவீன் ஷூட்டில் இது இன்னும் மோசம், காரணம் முகமூடி. வேறு எந்த நிர்வாணப் படத்துக்கும் ஒத்துக்கொள்ளாத ஆண்கள் இதற்கு வருவதே, முகம் சாயத்துக்குள்ளோ முகமூடிக்குள்ளோ மறைந்துவிடும் என்ற தைரியத்தில்தான். வேலை செய்யும் இடம், வீடு, மாமனார் என்று அவரவருக்கு ஆயிரம் காரணம். மேக்கிங் வீடியோவோ, சாயம் பூசாத முகத்தில்தான் தொடங்கும். சாதாரண மனிதன் பேயாக மாறுவதில்தானே சுவாரசியம்! முகத்தை மறைத்துப் படம் எடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பேய் யார் என்று ஊருக்கே காட்டுகிறீர்கள்.

“ப்ளர் போட்டுவிடுவோம்” என்பீர்கள். ப்ளர் போடாத அசல் யாருடைய ஃபோனில் இருக்கிறது? அது தானாகவே எங்கே போய்ச் சேமிப்பாகிறது? குரலுக்கும், தோளில் குத்தியிருக்கும் பச்சைக்கும் ப்ளர் போட்டீர்களா?

“ஆம்பளைக்கு என்ன கூச்சம்?” என்ற பதிலையும் கேட்டுச் சலித்துவிட்டேன். பெண் மாடல் என்றால் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் திரை போட்டு, வேண்டாதவர்களை வெளியே அனுப்பும் அதே ஸ்டூடியோவில், ஆண் நிற்கும்போது சாப்பாடு கொண்டுவருபவர் உள்ளே வந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். படம் வந்து விழும் பெரிய மானிட்டர் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதைத் திருப்பி வைக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த நியாயமல்ல. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் ஒப்பந்தத்தில், நிர்வாணக் காட்சிக்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வேண்டும், அந்த இடத்தில் வேலை இல்லாத யாரும் இருக்கக் கூடாது, அங்கே ஸ்டில் எடுப்பதற்கும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. நடிகர் ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ 2018இல் நெருக்கமான காட்சிகளுக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளரை வைக்கத் தொடங்கியது. ஃபோட்டோ ஷூட்டில் அப்படி ஒருவரை வைக்கச் சொல்லவில்லை, ஒரு தாள் போதும். மேக்கிங் எடுப்பவர் யார், முகம் வருமா, எங்கே வெளியாகும், வெளியாகும் முன் மாடல் பார்ப்பாரா, வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா. இவ்வளவுதான். அதையும் உடையோடு இருக்கும்போதே கேளுங்கள். உடம்பெல்லாம் சாயம், சுற்றிலும் ஆள், “ஒரு சின்ன கிளிப்தானே” என்று நீங்கள் கேட்டால் அவர் மறுப்பாரா?

மேக்கப்காரர்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. முன்னே பின்னே என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான் எங்கள் விளம்பரம். ஆனாலும் முகத்தை விட்டுவிட்டு ஒரு கையையோ தோளையோ போட்டாலும் வேலை வரத்தான் செய்கிறது.

சந்தடி சாக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் புகை அள்ள வேண்டும் என்று உலர்பனியைக் கொட்டிவிட்டு, பிணமாக நடிப்பவரைத் தரையில் படுக்கவைக்காதீர்கள். அது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரி. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கும். நிற்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, படுத்திருப்பவருக்குத்தான் மூச்சு முட்டும். பூசணிக்குள் மெழுகுவத்திக்குப் பதில் எல்இடி வையுங்கள்.

இந்த சீசனில் என்னைக் கூப்பிடுபவர்கள், தேதியோடு சேர்த்து அந்தத் தாளையும் அனுப்புங்கள். மேக்கிங் வேண்டாம் என்று மாடல் சொல்லியிருந்தால், எல்லா ஃபோனும் வெளியே போனபிறகுதான் பிரஷைக் கையில் எடுப்பேன். அதற்கு ஆகும் தாமதத்தை என் கூலியில் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உடல் ஓவியக் கலைஞன் ஒருவன்