குளச்சல் சித்திக்கு: இருட்டைப் பார்த்து டிவி வாங்குங்கள்

அன்புள்ள சித்தி,

புது டிவி வாங்கப் போகிறீர்கள், 32 இஞ்ச் போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் படித்த துப்பறியும் நாவல் எது படமாக வந்தாலும் தேடிப்பிடித்துப் பார்க்கிறவர். லண்டனில் நடக்கிற சுஜாதாவின் ‘ப்ரியா’வை 1978-ல் படமாக்கும்போது சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்களே என்று இன்றைக்கும் ஆதங்கப்படுகிறவர். உங்களுக்கு டிவியில் முதலில் பார்க்க வேண்டியது இருட்டு.

மாடிப்படியில் யாரோ நிற்கிறார் என்று நாவலில் ஒரு வரி எழுதினால் போதும். மிச்சத்தை நாம் பயந்துகொள்வோம். படத்தில் அந்த ஆள் நிழலுக்குள் தெரிந்தும் தெரியாமலும் நிற்க வேண்டும். மட்டமான திரையில் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும், ஆளும் சுவரும் ஒன்றாகிவிடும். பாட்ரிசியா ஹைஸ்மித் 1955-ல் எழுதிய ரிப்ளி நாவலை 2024-ல் எட்டுப் பகுதித் தொடராக, கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார்கள். கொலைகாரனைத் துரத்துகிற கதை இல்லை அது, அவன் கூடவே நம்மை நடக்க வைக்கிற கதை. இத்தாலியக் கடலோர ஊர், ஏறி ஏறி மூச்சு வாங்கும் படிக்கட்டுகள், இரவில் மினுங்கும் கல்தரை. முட்டம் பாறைகளில் ராத்திரிக் கடல் பார்த்த உங்களுக்கு அந்தக் கறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைந்தால் முழுக் கறுப்பு. விலைதான் இடிக்கும். சாதாரண எல்இடி டிவியில் திரைத் தகடு, அதாவது பேனல், பெரும்பாலும் விஏ (VA), ஐபிஎஸ் (IPS) என்று இரண்டு வகை. விஏ பேனல் கேளுங்கள். ஐபிஎஸ் பேனலைவிட அதில் கறுப்பு ஆழமாக இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஆனால் நீங்கள் நேர் எதிரே ஈசிசேரில்தானே உட்காருவீர்கள்? கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் மாடல் எண்ணை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள்.

கடையில் கிளியும் பூவும் பளபளவென்று ஓடும். அதில் எல்லா டிவியும் நல்ல டிவிதான். நான் ஒரு பென் டிரைவில் ராத்திரிக் காட்சி போட்டுத் தருகிறேன், சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லி அதை ஓட்டிப் பாருங்கள்.

அளவு விஷயம். 32-க்கு மேல் போனால் வரி கூடுதல் என்பது பழைய கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. உங்கள் ஹாலில் சேருக்கும் சுவருக்கும் எட்டடி இருக்கும், 55 இஞ்ச் தாராளமாக வைக்கலாம்.

வந்ததும் இரண்டு வேலை. படத்தை வழவழப்பாக்கும் ஒரு வசதி மெனுவில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சினிமா விநாடிக்கு 24 பிரேம். இது நடுவில் தானாகப் படங்களை உண்டாக்கிச் செருகி, நல்ல படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிவிடும். அணைத்துவிடுங்கள். அப்புறம், பழைய படத்தைத் திரை முழுக்க இழுக்காதீர்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலிலிருந்து 1950-ல் வந்த ‘திகம்பர சாமியார்’ கிட்டத்தட்டச் சதுரப் படம். நம்பியார் வேடத்துக்கு வேடம் முகத்தை மாற்றுவதைப் பார்ப்பதுதான் அதில் சுகம். இழுத்தால் எல்லா முகமும் ஒரே மாதிரி சப்பையாகிவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே மட்டும் மாட்ட வேண்டாம். உப்புக் காற்றில் பின்னாலுள்ள இணைப்புகள் பச்சை பூத்துவிடும். ஐப்பசி இடிக்குக் கரண்ட் பிளக்கோடு கேபிள் வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை நாகர்கோவிலுக்கு வருவதென்றால் அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போன் பண்ணுங்கள், பென் டிரைவோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்