கௌபாய் படத்து எஞ்சின்கள்: ஒரு திருத்தமும் ஒரு மனக்குறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கௌபாய் படங்களில் வரும் நீராவி ரயில்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் எனக்கு ஒரு திருத்தம் இருக்கிறது, அப்புறம் ஒரு மனக்குறை.

திருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1869 மே 10 அன்று யூட்டாவில் ப்ரோமான்டரி என்ற இடத்தில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சேர்ந்தன. அன்று எதிரெதிரே நின்ற அதே இரண்டு எஞ்சின்கள்தான் ஜான் ஃபோர்டின் ‘தி அயர்ன் ஹார்ஸ்’ (1924) படத்தில் நடித்தன என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, படமே அப்படித்தான் பீற்றிக்கொள்கிறது. ஆனால் கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் 119-ஆம் எண் எஞ்சினை 1903-லேயே உடைத்துவிட்டார்கள். மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக்கின் ‘ஜூபிடர்’ எஞ்சின் 1909-ல் பழைய இரும்புக்குப் போனது. ஃபோர்டு படம் பிடிக்கக் கிளம்பியபோது இரண்டுமே கிடையாது. இன்று ப்ரோமான்டரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்ப்பது 1979-ல் புதிதாகச் செய்து நிறுத்திய நகல்களை.

இனி மனக்குறை. “கதையை விட்டுவிட்டுச் சக்கரத்தை எண்ணுகிறவர்கள்” என்று ரயில் பிரியர்களைப் போகிற போக்கில் ஒரு இடி இடித்திருக்கிறீர்கள். எண்பதுகளில் விழுப்புரம் பக்கம் மீட்டர்கேஜ் ஒய்.பி. ரக நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவன் நான். எனக்குச் சக்கரம் கண்ணில் படாமல் எப்படி இருக்கும்?

புகையையே எடுத்துக்கொள்ளுங்கள். கௌபாய் படத்தில் ரயில் வந்தாலே வானம் கறுத்துவிடும். எங்கள் ஷெட்டில் அப்படிக் கறுப்பாகப் புகைவிட்டுக்கொண்டு போனால் டிரைவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். கறுப்புப் புகை என்றால் கரி முழுசாக எரியவில்லை, காசு புகைபோக்கி வழியாகப் போகிறது என்று அர்த்தம். கரியை மெல்லிசாகப் பரப்பி, காற்று சரியாகப் போகும்படி வைத்தால் லேசான சாம்பல் நிறம்தான் வரும். படத்தில் வரும் எஞ்சின்கள் பலவும் எண்ணெயில் ஓடுகிறவை. கேமரா ஓடும்போது எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் புகை குபுகுபுவென்று வரும். எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருள் சுமக்கும் டெண்டரில் அடுக்கியிருக்கும் விறகு எண்ணெய்த் தொட்டியை மறைக்கத்தான். மேலே பூசணிக்காய் மாதிரி உப்பிய புகைபோக்கி இருக்கிறதே, அது விறகு எஞ்சினில் தீப்பொறி பறந்து காட்டைக் கொளுத்தாமல் இருக்க உள்ளே வலை வைத்துச் செய்தது. எண்ணெய் எஞ்சினுக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. நேரான குழாய்மேல் தகரக் கூட்டைக் கவிழ்த்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

பாய்லர் பக்கவாட்டில் காற்று பம்பு தொங்கும், அதையும் பாருங்கள். வெஸ்டிங்ஹவுஸ் தன் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1869-ல். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் (1861-65) காலக் கதையில் அந்தப் பம்பு எட்டிப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். பெட்டிகளை இணைக்கும் கொக்கியும் அப்படியே. அந்தக் காலத்தில் ஒரு வளையம், ஒரு ஆணி, இரண்டு பெட்டிக்கு நடுவே நின்று கையால் செருக வேண்டும். அதில் விரல் போனவர்கள் ஏராளம். 1893-ல் சட்டம் போட்டுத்தான் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கியைக் கட்டாயமாக்கினார்கள். கதாநாயகன் ஆணியைப் பிடுங்கிப் பெட்டியைக் கழற்றிவிடும் காட்சியை விசிலடித்துப் பார்க்கிறோம். ஒரு பிரேக்மேன் அதை மழையிலும் பனியிலும் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தான்.

அகலப் பாதை, குறுகிய பாதை விஷயத்திலும் சினிமாக்காரர்கள் கவலைப்படுவதில்லை. 1899-ல் வயோமிங்கின் வில்காக்ஸில் நடந்த நிஜ ரயில் கொள்ளை யூனியன் பசிபிக்கின் நாலடி எட்டரை அங்குல ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையில் நடந்தது. அந்தக் கொள்ளைக்காரர்களைப் பற்றிய ‘பட்ச் காஸிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்’ (1969) படத்தில் பெட்டி வெடித்துச் சிதறுவது கொலராடோவின் டுராங்கோ பக்கம், மூன்றடிப் பாதையில். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயோ தன் கௌபாய் படத்தின் ரயில் நிலையக் காட்சியை ஸ்பெயினில் குவாடிக்ஸ் பக்கம் எடுத்தார். அங்கே பாதை 1668 மில்லிமீட்டர், நம் பிராட்கேஜைவிட எட்டே மில்லிமீட்டர் குறைவு. அமெரிக்கப் பாலைவனம் என்று நாம் நம்பிய இடத்தில் கிட்டத்தட்ட நம்ம ஊர்த் தண்டவாளம்!

சரி, இவ்வளவு குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள் ஏன் விடாமல் பார்க்கிறோம்? கட்டுரையாளர் தொடாத விஷயம் இதுதான். அந்த எஞ்சின்களில் பல இன்றைக்கு இருப்பதே சினிமாவால்தான். நெவாடாவில் வெள்ளிச் சுரங்கங்களுக்காகப் போட்ட வர்ஜீனியா அண்ட் ட்ரக்கி பாதை நொடித்துக்கொண்டிருந்தது. முப்பதுகளின் பிற்பகுதியில் பாரமவுண்ட் சினிமா நிறுவனம் அதனிடமிருந்து ‘இன்யோ’, ‘டேட்டன்’ என்ற இரண்டு எஞ்சின்களை வாங்கியது, செசில் பி. டெமிலின் ‘யூனியன் பசிபிக்’ படத்திலும் அவை நடித்தன. இன்யோ 1875-ல் பால்ட்வின் பட்டறையில் செய்தது. 1950-ல் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். எஞ்சின்கள் தப்பித்துவிட்டன, இன்யோ இப்போது கார்சன் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கலிபோர்னியாவின் சியரா ரயில்வேயில் ஓடிய மூன்றாம் எண் எஞ்சின் கதை இன்னும் அருமை. 1891-ல் ராஜர்ஸ் பட்டறையில் செய்த பத்துச் சக்கர வண்டி. முப்பதுகளில் ஓரங்கட்டப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்ததை 1948-ல் பழுதுபார்த்து ஓட வைத்தார்கள், அதற்குப் பெரிய காரணம் சினிமா. ‘ஹை நூன்’ படத்தில் எல்லோரும் பயந்துகொண்டு காத்திருக்கும் பன்னிரண்டு மணி வண்டி அதுதான். ‘பேக் டு த ஃபியூச்சர்’ மூன்றாம் பாகத்தில் 131 என்று எண்ணை மாற்றி, மேலே உப்பிய புகைபோக்கியை மாட்டி வேஷம் போட்டதும் அதற்குத்தான். பள்ளத்தில் விழுந்து நொறுங்குவது பொம்மை எஞ்சின். அசல், புது பாய்லரோடு 2010-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அதற்காகச் சினிமாவுக்கு ஒரேயடியாக மாலை போடவும் மனசு வரவில்லை. ‘டென்வர் அண்ட் ரியோ கிராண்டே’ (1952) படத்துக்காக 1951-ல் இரண்டு எஞ்சின்களை நேருக்கு நேர் மோதவிட்டு நாசமாக்கினார்கள். பொம்மை இல்லை, நிஜ எஞ்சின்கள். ஒரு காட்சிக்காக!

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் எஞ்சினை ஓட்டியவர்களைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். நடிகர் கைப்பிடியை இழுத்ததும் வண்டி பாய்கிறது. அந்தக் காட்சிக்குப் பல மணி நேரம் முன்பே ஒருவர் நெருப்பு மூட்டி, தண்ணீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நீராவி ஏற்றியிருப்பார். அவர் பெயரும் படத்தின் டைட்டிலில் வந்திருக்கிறதா என்று கட்டுரையாளர் தேடிச் சொன்னால் எங்கள் கூட்டம் அவரை மன்னித்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில் டிரைவர்,
பொன்மலை, திருச்சி.