டர்பனில் இருக்கும் இராகவன் அண்ணனுக்கு, உங்கள் குளத்துத் தவளைகள் குறித்து

அன்புள்ள இராகவன் அண்ணனுக்கு,

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்திலிருந்து இரவில் விசில் சத்தம் காதைத் துளைப்பதாகவும், கரையோர நாணலை அடியோடு வெட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அரிவாளை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் விவரிக்கும் சத்தத்தை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் வண்ண நாணல் தவளையாகத்தான் இருக்கும். சகாராவுக்குத் தெற்கே 140க்கும் மேற்பட்ட இனங்களாகப் பரவியிருக்கும் ஹைப்பரோலியஸ் பேரினத்தைச் சேர்ந்த இது, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. ஆண் தவளை தண்டில் ஏறி அமர்ந்து தொண்டைப்பையை ஏறக்குறைய தன் உடலளவுக்கு ஊதிக்கொண்டு கத்துகிறது. பகலில் இதே தவளை வெயில் படும் தண்டிலேயே கால்களை மடக்கி, வெளிறிப்போய் அசையாமல் ஒட்டியிருக்கும். பறவை எச்சம் என்று நினைத்து நீங்கள் கடந்து போயிருக்கவும் கூடும். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் இதன் உறவினம் ஒன்றின் குஞ்சுகள், ஒளியைத் திருப்பி அனுப்பும் தோல் செல்களின் துணையால் மழையற்ற வறண்ட காலம் முழுவதையும் காய்ந்த புல்லின் மேல் இப்படியே உட்கார்ந்து கழிக்கின்றன.

சத்தத்துக்கு வருகிறேன். அது வெறும் கூச்சல் அல்ல, போட்டி. பெண் தவளை இருட்டில் தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பி ஒலி வரும் திசையை அறிந்து, பல குரல்களுக்கு நடுவே ஒன்றைத் தேடிச் செல்கிறது. மேலே உயரத்திலிருந்து வரும் குரலின் இடத்தையும் அதனால் கண்டறிய முடியும் என்பதை, தென்னாப்பிரிக்க ஆய்வாளர் நெவில் பாஸ்மோரும் அவருடைய சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பெண் பொதுவாகத் தாழ்ந்த சுருதியுள்ள குரலை விரும்புகிறது என்றாலும், ஆணின் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது அது எத்தனை இரவுகள் குளத்துக்கு வந்து கத்துகிறது என்பதுதான். கத்துவது உடலின் சேமிப்பைக் கரைத்துவிடுவதால் எல்லா ஆண்களாலும் தினமும் வர முடிவதில்லை. சில ஆண்களோ வாயே திறக்காமல் கத்துபவனின் அருகில் உட்கார்ந்து, அவனைத் தேடி வரும் பெண்ணை வழியில் மறித்துக்கொள்கின்றன. எனக்கு இந்தக் கள்ள மௌனம்தான் மிகவும் சுவாரசியமாகத் தோன்றுகிறது.

நாணலை வெட்டுவதால் இந்த இனம் உடனே ஒழிந்துவிடாது; அது தண்ணீருக்குள் இருக்கும் செடிகளில் சில நூறு முட்டைகள் வரை இடுகிறது, மிதக்கும் இலைமேல் இருந்தும் கத்தும். ஆகவே உங்கள் தூக்கத்துக்கும் பெரிய பயன் இருக்காது. பாதிக்கப்படுவது மற்றவை. உங்கள் கடற்கரைப் பகுதியில் வாழும் இன்னொரு நாணல் தவளை தண்ணீருக்கு மேலே தண்டில் கூழ் போன்ற கட்டியாக முட்டையிடுகிறது; தலைப்பிரட்டைகள் சில நாட்களில் அதிலிருந்து நழுவிக் குளத்தில் விழுகின்றன. தண்டு போனால் முட்டையும் போயிற்று. மிகச் சிறிய அல்லித் தவளையோ ஒன்றன்மேல் ஒன்று படிந்த அல்லி இலைகளின் இடையில் முட்டைகளை ஒட்டிவிடுகிறது என்பதால், இலைகளைக் கோலால் இழுத்துச் சுத்தம் செய்வதும் கூடாது.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது பிக்கர்ஸ்கில் நாணல் தவளை. உலகிலேயே உங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் குறுகிய கடற்கரைப் பட்டையில் மட்டும் இருக்கும் இது, அடர்ந்த நாணலும் கோரையும் உள்ள சதுப்பில்தான் வாழும். அழியும் ஆபத்திலுள்ள இதை ஜோகன்னஸ்பர்க் விலங்கியல் பூங்காவில் வளர்த்து, இனப்பெருக்கம் செய்யவைத்து மீண்டும் இயற்கையில் விட்டிருக்கிறார்கள். இதன் குரல் பூச்சியின் கிறீச்சொலி போல மிக மெல்லியது. வண்ண நாணல் தவளைகள் கத்தும்போது அது அமுங்கிப்போகும். அதனால் சத்தம் ஓய்ந்து போகும் நேரத்தில் கைபேசியை நாணல் அருகே வைத்து ஒரு பத்து நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். அதில் பிக்கர்ஸ்கில் தவளையின் குரல் இல்லையென்றால், உங்கள் ஊரில் குளிர் வந்து இனப்பெருக்கக் காலம் முடிந்ததும், ஜூன், ஜூலையில், படுக்கையறைப் பக்கத்து நாணலை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். அந்தக் குரல் இருந்தால் வெட்டவே வேண்டாம், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி